ஐஸ் பெட்டியில் வந்த இரத்தம்

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் இப்போது ஒரு புது இயந்திரம் வந்திருக்கிறதாம். பிஸ்கட் டின் அளவுதான் இருக்குமாம். நோயாளியின் இரத்தத்தில் சில துளிகளை அதற்குள் விட்டால், எடுத்த இடத்தில் பஞ்சை வைத்து அழுத்தி முடிப்பதற்குள் சோடியம் எவ்வளவு, பொட்டாசியம் எவ்வளவு என்று ஒரு துண்டுக் கடதாசியை நீட்டிவிடுமாம். என் கதிரையில் இப்போது உட்கார்ந்திருக்கும் ரினோஸா தொலைபேசியில் சொன்னாள். சொல்லும்போது குரலில் பாதி பெருமை, பாதி கவலை.

"சேர், இனி ரத்தம் லேப்புக்கு வரவே தேவல்ல போல. நாங்க என்ன செய்றது?"

"நல்லா டீ குடிங்க" என்றேன்.

"பகிடி பண்ணாதீங்க சேர். அந்த மகேஸ்வரியம்மா கதைய எழுதித் தாங்க. புதுசா வந்த பிள்ளைங்களுக்கு நான் சொன்னா நம்புறாங்க இல்ல."

ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட வேறென்ன வேலை? வீட்டில் என் மனைவியும், சும்மா இருந்து குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருப்பதை விட எழுதுங்கள் என்று சொல்லிவிட்டாள். ஆகவே எழுதுகிறேன்.

உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன் நான். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மேல்மாடியில் வேலை. அம்மா மலையில். பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படித்தேன். கொழும்பில் மருத்துவ ஆய்வுகூடப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. அந்தப் பயிற்சிக் காலத்தைப் பற்றி வெயில், நுளம்புக்கடி, உருப்பெருக்கி என்று மூன்று சொல்லில் சொல்லிவிடலாம். பிறகு இங்கும் அங்குமாக மாற்றல்கள். கடைசியில் அட்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றுக்கு வந்து சேர்ந்தேன். "ரெண்டு வருஷம் இருந்துட்டுக் கண்டிக்கு மாத்தல் கேப்போம்" என்று மனைவியிடம் சொன்னேன். பென்ஷன் வரைக்கும் அங்கேதான் இருந்தேன். அதற்குக் காரணம் மேடம்.

மேடம் எங்கள் பொது மருத்துவ நிபுணர். தெற்கில் கடலோர ஊர் ஒன்றில் பிறந்த சிங்களப் பெண். மலைநாட்டுக்கு வந்தபோது ஒரு சொல் தமிழ் தெரியாது. வார்டில் கூட்டித் துடைக்கும் அம்மாக்களிடமும் நோயாளிகளிடமும்தான் தமிழ் படித்தார். அதனால் அவர் பேசியது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின் தமிழ், அசல் லயத்துத் தமிழ். கண்டியிலிருந்து வந்த ஒரு தமிழ் டொக்டரைப் பார்த்து, "என்னா சாப்ட்டீங்களா, ஒக்காருங்க" என்றபோது அந்த மனிதர் கொஞ்சம் தடுமாறிப்போனார். எங்களுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

காலையில் வார்டு பார்க்க வந்தால் முதலில் டிக்கட்டைக் கையில் எடுக்கமாட்டார். கட்டில் தலைமாட்டில் தொங்கும் நோயாளியின் குறிப்புக்குத்தான் எங்கள் ஊரில் டிக்கட் என்று பெயர். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதை டிக்கட் வெட்டுவது என்போம். மேடம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கால்மாட்டில் நிற்பார். "என்னா வேல? எந்தத் தோட்டம்?" என்று கேட்பார். கொழுந்து எடுப்பவர் என்றால் "எடுத்துக் காட்டுங்க" என்பார். தேயிலைச் செடியைக் கழித்துக் கவ்வாத்து வெட்டுபவர் என்றால் வெட்டிக் காட்ட வேண்டும். அவர்களும் வெட்கப்பட்டுக்கொண்டே வெறுங்காற்றில் தேயிலை பறிப்பார்கள், கவ்வாத்து வெட்டுவார்கள். புதிதாக வந்த இளம் டொக்டர்கள் முதல் நாள் சிரிப்பார்கள். அந்தக் கையசைவில் மேடம் என்ன பார்க்கிறார் என்று தெரிந்த பிறகு சிரிக்கமாட்டார்கள்.

அவருக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். மரியாதை கூடிவிடும். அவர் வாயிலிருந்து "தயவுசெஞ்சு" என்ற சொல் வந்தால் யாருக்கோ கெட்ட காலம் என்று அர்த்தம்.

ஒரு நாள் காலை லேப் தொலைபேசி அடித்தது. எடுத்தேன்.

"சிவா, தயவுசெஞ்சு கொஞ்சம் வார்டுக்கு வாங்க."

கெட்ட காலம் எனக்குத்தான். பெண்கள் வார்டுக்குப் போனேன். ஜன்னலோரக் கட்டில் நுனியில் ஒரு பெண் வீட்டுக்குப் போகும் சேலையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் துணிப்பையோடு அவள் கணவன். அவள்தான் மகேஸ்வரி. மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஆனால் முகம் ஊதி, கைகால் மெலிந்து, உதடும் விரல் மடிப்புகளும் கரி பூசியது போல் கறுத்திருந்தன. கைகளில் அங்கங்கே நீலம் கட்டிய தழும்புகள். சில மாதங்களுக்குள் பிரஷரும் சீனி வியாதியும் சேர்ந்து வந்திருந்தன. இப்போது கைகாலில் பலமில்லை என்று வந்திருக்கிறாள்.

அவள் ஊர்ப் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரியில் எடுத்து அனுப்பிய இரத்தத்தை முந்தின நாள் எங்கள் லேப்பில்தான் பார்த்திருந்தோம். பொட்டாசியம் 3.9. எந்தக் குறையும் இல்லை. எங்கள் லேப்பின் ரிப்போர்ட்தானே என்று வார்டிலும் திரும்ப இரத்தம் எடுக்கவில்லை. நரம்பு டொக்டரைப் பார்க்கக் கண்டிக்கு ஒரு திகதி வாங்கிக் கொடுத்து, டிக்கட் வெட்டுவதாக ஏற்பாடு. மகேஸ்வரியும் சேலை மாற்றிவிட்டாள்.

மேடம் அவளிடம் சொன்னார். "கட்டில்ல கை வைக்காம எழும்புங்க."

அவள் முன்னே சாய்ந்தாள், பின்னே சாய்ந்தாள். எழும்ப முடியவில்லை.

"சரி. கொழுந்து எடுத்துக் கூடையில போடுங்க."

வலது கை கிளம்பியது. காது வரைக்கும் வந்து நின்றது. முதுகுக் கூடைக்குக் கொழுந்தை எறிய அதற்கு மேலே ஒரு சாண் போக வேண்டும். கை போகவில்லை. நடுங்கிவிட்டு மடியில் விழுந்தது.

"மன்னிச்சுக்கங்க நோனா. கை கேக்குதில்ல" என்றாள். தன் கைக்காக அவள் மன்னிப்புக் கேட்டதை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

மேடம் ஈசிஜி கடதாசியை என்னிடம் நீட்டினார். இதயத்தின் கோடுகளை வாசிப்பது என் வேலை இல்லை. ஆனாலும் ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் இருக்கக்கூடாத ஒரு சின்ன மேடு இருந்ததை அவர் விரலால் தொட்டுக் காட்டினார். பொட்டாசியம் குறைந்தவர்களுக்கு வருவது அது.

"என் கடதாசி ஒண்ணு சொல்லுது. உங்க கடதாசி வேற சொல்லுது. ரெண்டுல எது பொய், சிவா?"

"திரும்ப எடுக்கிறேன் மேடம்."

"நீங்களே எடுங்க. தயவுசெஞ்சு."

பொட்டாசியத்துக்கு இரத்தம் எடுப்பதில் சில நுட்பங்கள் உண்டு. நரம்பு தெரிவதற்காக "கைய மூடித் தெறங்க" என்று எல்லோரும் சொல்லுவோம். பொட்டாசியம் பார்க்க வேண்டுமானால் அது கூடாது. தசை இறுகினால் அதிலிருக்கும் பொட்டாசியம் இரத்தத்துக்குள் வந்துவிடும். கொழுந்து எடுக்கும் பெண்களுக்கு விரல் பலம் அதிகம். கையை மூடச் சொன்னால் கல்லை நசுக்குவது போல மூடுவார்கள். ஆகவே மகேஸ்வரியிடம் கையைத் தளர்த்தி வைக்கச் சொன்னேன். நரம்பில் ஊசி போனதும் கட்டிய பட்டியை அவிழ்த்தேன். சிரிஞ்சை வேகமாக இழுக்காமல், இரத்தம் மெதுவாக வரட்டும் என்று பொறுத்தேன். டியூபைச் சட்டையின் உள்பையில், நெஞ்சோடு ஒட்டினாற்போல் வைத்துக்கொண்டு லேப்புக்கு நடந்தேன். எங்கள் ஊர்க் குளிரில் அது ஒன்றுதான் சூடான இடம். உறைந்தவுடன் இரத்தத்தைச் சுழற்றி, சிவப்பணுக்களைக் கீழே தள்ளி, மேலே தெளிந்த நீரைப் பிரித்து இயந்திரத்தில் வைத்தேன்.

1.9.

திரும்ப வைத்தேன். 1.9. அளவு சரிபார்க்கும் மாதிரியை ஓட்டிவிட்டு மறுபடி வைத்தேன். மாறவில்லை. ஆரோக்கியமான ஆளுக்கு மூன்றரைக்கு மேல் இருக்க வேண்டும். இரண்டுக்குக் கீழே போனவரின் இதயம் பேச்சுக்கு நடுவில்கூட நின்றுபோகலாம். நான் தொலைபேசியில் எண்ணைச் சொல்லி, மேடத்தைத் திருப்பிச் சொல்லவைத்தேன். அது லேப்பின் வழக்கம். நிபுணராக இருந்தாலும் விடமாட்டோம்.

திருப்பிச் சொன்னார். பிறகு, "நன்றி சிவா. எனக்கு இப்போ பயமா இருக்கு" என்றார். பயத்தை வாய்விட்டுச் சொல்லும் நிபுணரை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை. அந்த நொடியிலிருந்து அவர் மேல் எனக்கிருந்த மரியாதை இரண்டு மடங்கானது.

மகேஸ்வரியைக் கட்டிலில் படுக்கவைத்து, இதயத் துடிப்பைக் காட்டும் மொனிட்டரை மாட்டினார்கள். பொட்டாசியம் கலந்த சேலைன் மெதுவாக இறங்கத் தொடங்கியது. வேகமாக ஏற்றினால் அதுவே இதயத்தை நிறுத்திவிடும். கணவன் கணேசன் துணிப்பையைக் கீழே வைக்காமல் நின்றான்.

"நேத்து நல்லாருந்த ரத்தம் இன்னைக்கி எப்புடிங்க கெட்டுச்சு?" என்று கேட்டான்.

நியாயமான கேள்வி. அதே கேள்வியோடு மேடம் சற்று நேரத்தில் லேப்புக்கு இறங்கி வந்தார்.

"நேத்து டியூப் எப்படி வந்துச்சு?"

"வழமை போல மேடம். சின்ன ஆஸ்பத்திரியில முந்தின நாள் எடுத்து, குளிர்சாதனப் பெட்டியில வச்சு, காலை பஸ்ஸுல..." சொல்லிக்கொண்டே போனவன் நின்றேன். மூலையில் அந்த நீலப் பெட்டி இருந்தது. குழந்தைகளின் தடுப்பூசி மருந்து கெட்டுப்போகாமல் கொண்டுபோகும் ஐஸ் பெட்டி. அதில்தான் டியூபுகள் வரும். சுற்றிலும் ஐஸ் கட்டிகளை நேர்த்தியாக அடுக்கி அனுப்புவார்கள்.

இருவரும் அந்தப் பெட்டியையே பார்த்தோம்.

இரத்தத்தைப் பிரிக்காமல் குளிரில் வைத்தால், சிவப்பணுக்கள் தம்முள் இருக்கும் பொட்டாசியத்தைப் பிடித்துவைக்க முடியாமல் வெளியே விட்டுவிடும். அணுக்கள் உடைவதில்லை, நிறம் மாறுவதில்லை, பார்த்தால் ஒன்றும் தெரியாது. பாடப் புத்தகத்தில் இரண்டு பேரும் படித்ததுதான். ஆனால் மலைநாட்டில் ஐஸ் பெட்டி என்பது பக்குவத்தின் அடையாளம். ஐஸ் போட்டு வந்தது நல்லது என்று ஒரு ஊரே நம்பியிருந்தது. அந்தக் குளிருக்குள் மகேஸ்வரியின் குறைந்த பொட்டாசியம் ஒரு இரவில் ஏறி, நல்ல எண்ணாக வேஷம் போட்டு வந்திருக்கிறது.

உறுதி செய்துகொள்ள என் கையிலிருந்தே இரத்தம் எடுத்து மூன்று டியூபில் விட்டேன். ஒன்றை உடனே பிரித்தேன். ஒன்றை மேசையில் வைத்தேன். ஒன்றை ஐஸ் பெட்டிக்குள் அடைத்தேன். மறுநாள் காலை மூன்றையும் ஓட்டிப் பார்த்து மேடத்திடம் காட்டினேன். ஐஸ் பெட்டி டியூபில் உயிருக்கே ஆபத்தான அளவுக்கு ஏறியிருந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "சிவா, நீங்க செத்துப் போயிட்டீங்க" என்றார். அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அந்த வாரமே அவர் சிறிய ஆஸ்பத்திரிக்குப் போனார். என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பெட்டியை அடுக்கும் இளம் தாதி விஷயத்தைக் கேட்டதும் அழுதுவிட்டாள். முன்பு ஒரு தடவை இப்படி அனுப்பிய இரத்தத்தில் பொட்டாசியம் கொஞ்சம் கூடுதலாக வந்ததால், வாழைப்பழம், கீரை, இளநீர் எதுவும் தொடாதீர்கள் என்று மகேஸ்வரிக்குச் சொல்லி அனுப்பியதும் அவள்தான். மகேஸ்வரி ஆஸ்பத்திரியில் சொன்னதைத் தட்டாதவள். கோயில் திருவிழாவில் பூசாரி கொடுத்த பழத்தைக்கூட பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாளாம்.

மேடம் அந்தத் தாதியின் தோளில் கை வைத்தார். "அழாதீங்க. நீங்க ரொம்ப நல்லா கவனிச்சீங்க. அதான் பிரச்சின" என்றார். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். அதன்பிறகு அங்கேயே இரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து அனுப்ப ஏற்பாடானது. ரினோஸா, உன் புது இயந்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தோஷம்தான். கட்டிலோரத்திலேயே பதில் கிடைத்தால் எந்த மகேஸ்வரியும் துணிப்பையோடு காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் இயந்திரம் எண்ணைத்தான் சொல்லும். அந்த இரத்தம் எப்படி எடுக்கப்பட்டது, எந்த வழியாக வந்தது என்று கேட்பது நம் வேலை.

மகேஸ்வரியின் சரியான எண் கிடைத்துவிட்டது. வியாதி என்ன என்பது தெரியவில்லை. எவ்வளவு பொட்டாசியம் ஏற்றினாலும் அடுத்த நாள் இறங்கிவிடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் வார்க்கிற கதை. உடம்பில் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் அளவுக்கு மீறிச் சுரந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியே தள்ளிவிடும் என்று மேடம் இளம் டொக்டர்களுக்குச் சொன்னார். பிரஷர், சீனி, பலவீனம், தொட்டாலே நீலம் கட்டும் தோல் எல்லாம் அந்த ஒரே ஹோர்மோனின் வேலை என்றார். கறுப்பு நிறம் மட்டும், கோர்ட்டிசோலைச் சுரக்கச் சொல்லித் தூண்டும் இன்னொரு ஹோர்மோனால் வருவது. அந்தத் தூண்டும் ஹோர்மோனை உடம்புக்குள் எங்கோ ஒரு கட்டி அளவில்லாமல் சுரக்கிறது என்பது அவர் சந்தேகம்.

லயத்தில் பேசியது வேறு. கறுத்தது வெயிலாலாம். மழையும் மூட்டமுமாகவே இருக்கும் மஸ்கெலியாவில் அப்படி ஒரு வெயில்! கொழுந்து நிறை குறைந்ததால் மலை வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா அவளைச் சோம்பேறி என்றாராம். கைத்தழும்புகளைப் பார்த்தவர்கள் கணேசனைத்தான் பார்த்தார்கள். குடித்துவிட்டு அடிக்கிறான் என்று பேச்சு. எங்கள் வார்டிலும் அந்த மனுஷனிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஒரு நாள் பார்வையாளர் நேரம். மகேஸ்வரியின் லயத்திலிருந்து நாலைந்து பெண்கள் வந்திருந்தார்கள். மேடம் வேண்டுமென்றேதான் அந்த நேரத்தில் வந்தார் என்று நினைக்கிறேன். மகேஸ்வரியின் கையைத் தூக்கித் தழும்பைக் காட்டினார்.

"இது புருஷன் அடிச்சது இல்ல. நோய் அடிச்சது. எல்லாருக்கும் வெளங்குச்சா?"

கணேசன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்கியது. வந்த பெண்களில் ஒருத்தி, கொண்டுவந்த தேத்தண்ணியை முதலில் அவனுக்கு ஊற்றிக் கொடுத்தாள்.

தூண்டும் ஹோர்மோனை அளக்கக் கொழும்புக்குத்தான் இரத்தம் அனுப்ப வேண்டும். இதற்கு விதி தலைகீழ். எடுத்த கணத்திலிருந்து ஐஸில் இருக்க வேண்டும், சூடு பட்டால் கெட்டுவிடும். ஐஸை விரட்டி முடித்த கையோடு ஐஸைத் தேடி ஓட வேண்டியதாயிற்று. மழைக்காலம். பாதையில் மண் சரிந்து ஆஸ்பத்திரி வாகனம் போக வழியில்லை. பிரித்துக் குளிரவைத்த டியூபை ஐஸ் நிரப்பிய பிளாஸ்கில் வைத்து, மடியில் அணைத்துக்கொண்டு, நானே அட்டனில் ரயில் ஏறினேன்.

றொசல்ல ஸ்டேஷனில் ரயில் நின்றது. முன்னால் தண்டவாளத்தில் மரம் விழுந்திருக்கிறதாம். ஒருவருக்கும் எப்போது புறப்படும் என்று தெரியவில்லை. வெகுநேரம் காத்திருந்துவிட்டுப் பிளாஸ்கைத் திறந்து பார்த்தேன். ஐஸ் பாதி தண்ணீராகியிருந்தது. அந்த இரத்தம் கெட்டால் திரும்ப எடுத்து, திரும்ப அனுப்பி, பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அத்தனை நாள் மகேஸ்வரியின் இதயம் பொறுக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. மழையில் இறங்கி ஓடினேன். சற்றுத் தள்ளி ஒரு சின்னக் கடை. வெள்ளைத் தொப்பியோடு வயதான முஸ்லிம் நானா ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"நானா, ஐஸ் இருக்குமா?"

"இந்தக் குளிருல ஐஸா?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "புள்ளைங்க வாங்குற ஐஸ் பக்கட்தான் இருக்கு. யாருக்கு தம்பி?"

விஷயத்தைச் சொன்னேன். அவர் எழும்பிப் போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, சாயத் தண்ணீரை உறையவைத்த ஐஸ் பக்கட் அத்தனையையும் வாரிப் பையில் போட்டார். சிவப்பு, பச்சை, மஞ்சள்.

"புள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு வந்து என்னைய ஏசப்போறாங்க. பரவால்ல, கொண்டு போங்க. அந்தப் பொம்பளைக்கி என்ன பேரு?"

"மகேஸ்வரி. ஏன் நானா?"

"பேரு தெரிஞ்சாத்தானே அல்லாகிட்ட துஆ கேக்கலாம்."

அவர் பெயரை நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். பின்னால் ரயிலில் போகும்போதெல்லாம் அந்தக் கடைப் பக்கம் எட்டிப் பார்ப்பேன். அன்று மரத்தை அகற்றி ரயில் ஒருவழியாகக் கொழும்பு சேர்ந்தது. அங்கே லேப்பில் பிளாஸ்கைத் திறந்த பெண், வண்ண வண்ண ஐஸ் பக்கட்டுகளுக்கு நடுவே டியூபைக் கண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். டியூப் ஐஸாகக் குளிர்ந்தபடியே இருந்தது.

மேடத்தின் சந்தேகம் சரி. அந்த ஹோர்மோன் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஸ்கேன் எடுத்தபோது நுரையீரலில் கடலை அளவில் ஒரு கட்டி. இவ்வளவு அமர்க்களமும் அந்தக் கடலையால். வெட்டி எடுத்தால் பிழைப்பாள். ஆனால் மயக்க மருந்து கொடுக்க முன்னால் பொட்டாசியம் மூன்றரைக்கு வந்து அங்கேயே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் மேசையிலேயே இதயம் நின்றுவிடும் என்று கொழும்பு டொக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு தினம் காலையில் நான்தான் அவளுக்கு இரத்தம் எடுத்தேன். சேலைன் ஏறும் கையில் எடுக்கக்கூடாது, மற்றக் கையில் எடுக்க வேண்டும். கோர்ட்டிசோலை அடக்கும் மாத்திரை, சிறுநீரில் பொட்டாசியம் போகாமல் தடுக்கும் மாத்திரை, வாயில் வைக்க முடியாத பொட்டாசியம் பாணி, அதாவது சிரப், என்று மருந்துகள் வரிசையாகப் போயின. ஒரு நாள் அவள் பாணிக் கோப்பையைத் தள்ளிவிட்டாள்.

"ஏலாதுங்க சேர். நாக்கு வெந்து போச்சு, ஊசி போற கை எரியுது. எப்புடியும் சாகப்போறேன். டிக்கட்ட வெட்டச் சொல்லுங்க, வீட்டுல கெடந்து சாகுறேன்."

எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. தெரிந்தது எண்தான். "நேத்து ரெண்டு புள்ளி நாலு. இன்னைக்கி ரெண்டு புள்ளி ஏழு" என்றேன்.

"அப்புடின்னா?"

"கூடியிருக்கு."

பக்கத்துக் கட்டில்காரி எழும்பி உட்கார்ந்தாள். "மகேஸு, கூடியிருக்காம்டி!" என்றாள். வார்டு முழுவதும் கொழுந்து எடுக்கும் பெண்கள். தினமும் தராசில் நிறை சொல்லக் கேட்டுப் பழகியவர்கள். நேற்றைய நிறையும் இன்றைய நிறையும் அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மறுநாள் நான் வார்டுக்குள் கால் வைத்ததும், "சேர், மகேஸுக்கு இன்னைக்கி எத்தன?" என்று நாலு கட்டிலிலிருந்து குரல். குறைந்தால் எல்லோரும் சேர்ந்து அவளைத் திட்டிப் பாணி குடிக்க வைத்தார்கள். கூடினால் கை தட்டினார்கள். அவளை மருந்து பாதி காப்பாற்றியது என்றால், அந்த வார்டு பாதி காப்பாற்றியது. மேடமும் அதையேதான் சொல்வார்.

3.6 வந்தது. அடுத்த நாளும் 3.6. கொழும்புக்கு ஆம்புலன்சில் ஏற்றினார்கள். சிறுபிள்ளை மாதிரி அழுதுகொண்டு போனாள். மேடம் குடையில்லாமல் தூறலில் நின்று, வளைவில் வண்டி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது என்று தொலைபேசி வந்தபோது அவர் லேப்புக்கு வந்து சொன்னார். சொல்லிவிட்டு எங்கள் கதிரையில் உட்கார்ந்து, நாங்கள் கொடுத்த தேநீரை முழுவதும் குடித்துவிட்டுத்தான் போனார். நிபுணர்கள் லேப்பில் உட்கார்ந்து தேநீர் குடிப்பது எங்கள் நாட்டில் அடிக்கடி நடக்கும் காரியம் இல்லை.

சில மாதங்கள் போயின. ஒரு கிளினிக் நாளில் லேப் ஜன்னலில் நின்று எட்டிப் பார்த்தால், கணேசன் நிற்கிறான். பக்கத்தில் ஒரு பெண். எனக்கு அடையாளம் தெரியவில்லை. முகத்து வீக்கம் வடிந்து, கறுப்பு வெளுத்து, வேறு ஆளாக இருந்தாள். ஒப்பரேஷனுக்குப் பிறகு கொடுத்த மாத்திரைகளையும் ஒவ்வொன்றாகக் குறைத்து நிறுத்திவிட்டார்களாம். மருந்தே இல்லாமல் உடம்பு தானாக நிற்கிறதா என்று பார்க்க மேடம் அனுப்பியிருக்கிறார்.

உள்ளே கூப்பிட்டு இரத்தம் எடுத்தேன். அவர்கள் வெளியே வாங்குப் பலகையில் காத்திருந்தார்கள். நான் சுழற்றினேன், பிரித்தேன், இயந்திரத்தில் வைத்தேன். எத்தனை ஆயிரம் தடவை செய்த வேலை. அன்றைக்கு எண் வரும் வரை இயந்திரத்தை விட்டு நகரவில்லை.

வெளியே வந்தேன்.

"எத்தனங்க?" என்றாள்.

"நாலு புள்ளி ரெண்டு."

"மருந்து ஒண்ணும் குடிக்கலங்களே."

"அதான். மருந்தில்லாம நாலு புள்ளி ரெண்டு. இது ஒங்க சொந்த நிறை."

கணேசன் கும்பிட்டான். நான் அவன் கையைப் பிடித்து இறக்கிவிட்டேன். நான் தனியாகச் செய்தது எதுவும் இல்லை, என்னைச் சுற்றி இருந்தவர்கள் அப்படிப்பட்டவர்கள் என்று அவனிடம் சொல்ல நினைத்தேன். சொல்லாமலே விட்டுவிட்டேன். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். ஒரு நல்ல மேடத்துக்குக் கீழே, இப்படிப்பட்ட மனிதர்களுக்கு நடுவே வேலை செய்யக் கொடுத்துவைத்தவன் நான்.

அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்து எழும்பினாள். வீட்டைவிட்டுப் புறப்படும் நம் ஆட்கள் எல்லோரும் சொல்வதைச் சொன்னாள்.

"போயிட்டு வர்றேங்க சேர்."

யாரையும் "போ" என்று மட்டும் சொல்லி அனுப்பக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். வாழ்நாளில் ஒரே ஒரு தடவை அதை மீறினேன்.

"போங்கம்மா. வராதீங்க."

அவள் ஒரு கணம் திகைத்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு விளங்கிவிட்டது. இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள், சிரித்தாள். கணேசன் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினான். அவள் அதைப் பிடிக்காமல், அவனுக்கு முன்னால், பஸ் நிலையத்துக்குப் போகும் படிகளில் தனியாக இறங்கிப் போனாள்.